15 பெயர்கள், 6 உரிமையாளர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரம் அறுக்கும் சங்கிலி ரம்பங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையையும், அதன் கீழே கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருந்த பட்டியலையும் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதையும், அவற்றுக்கான உதிரி பாகங்களைத் தேடிப் பிடிப்பதையும் தொழிலாகக் கொண்டவன் என்பதால், நாளிதழ் ஒன்று இந்தப் பொருளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியது எனக்கு மகிழ்ச்சியளித்தது. ஆனால் அப்பக்கத்தின் அடிப்படையான செய்தி இரண்டு இடங்களில் பிழையாக இருப்பதைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. முதலாவது பிழை, பட்டியலில் இருந்த பெயர்கள் அனைத்தும் 'ஒன்றோடொன்று போட்டியிடும் 15 நிறுவனங்கள்' என்று தலைப்பிடப்பட்டிருந்தது. இரண்டாவது, ஹஸ்க்வர்னா நிறுவனம் தன் போட்டியாளர்களை ஒவ்வொருவராக விலைக்கு வாங்கி விழுங்கிவிட்டது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தது.

எண்ணிக்கையை முதலில் பார்த்துவிடலாம். பட்டியலில் இருந்த ஹஸ்க்வர்னா, ஜான்செரெட், பார்ட்னர், பூலான், மக்கல்லக், ஸெனோவா ஆகிய ஆறு பெயர்களும் வந்து சேர்ந்த இடம் ஹஸ்க்வர்னா குழுமம் ஒன்றே. ஹோம்லைட்டும் ரியோபியும் ஹாங்காங்கைச் சேர்ந்த டெக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்திடம் உள்ளன. இவற்றில் ரியோபி என்ற பெயரை அந்நிறுவனம் உரிமத்தின்பேரில் பயன்படுத்துகிறது. எக்கோ, ஷிண்டைவா இரண்டும் ஜப்பானின் யமாபிகோவுக்கும், டோல்மாரும் மகிடாவும் மகிடாவுக்கும், ஓலியோ-மேக், எஃப்கோ இரண்டும் இத்தாலியின் ஈமாக்குக்கும் உரியவை. எஞ்சி நிற்பது ஸ்டில் மட்டும். ஆக, 15 பெயர்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் ஆறு பேரே. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு இயந்திரங்களை இரு கடைகளில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, போட்டியின் பலனை அனுபவித்துவிட்டதாக வாசகர் ஒருவர் நினைத்துக்கொள்வாரானால் அதற்கு இந்தப் பட்டியலும் ஒரு காரணமாகிவிடும்.

இரண்டாவது பிழைக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஹஸ்க்வர்னாவின் கதை 1689இல், ஸ்வீடன் அரசுக்குத் துப்பாக்கி செய்யும் ஆலையாகத் தொடங்குகிறது. துப்பாக்கிக்கான தேவை குறைந்த காலங்களில் அந்த ஆலை தன் உலோக வேலைத் திறனை வேறு பொருள்களுக்குத் திருப்பியது. 1872இல் தையல் இயந்திரம், 1896இல் மிதிவண்டி, 1903இல் மோட்டார் சைக்கிள் என்று அந்த வரிசை நீள்கிறது. சங்கிலி ரம்பம் 1959இல்தான் வந்தது. அதாவது, ஆலை தொடங்கி 270 ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்குள் ஜெர்மனியில் ஸ்டில், டோல்மார் ஆகிய இரு நிறுவனங்களும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரம்பம் செய்துகொண்டிருந்தன. விளம்பரங்களில் '1689 முதல்' என்று காணும்போது அந்த ஆண்டு துப்பாக்கிக்கு உரியது, ரம்பத்துக்கு உரியதன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1978இல் ஹஸ்க்வர்னாவை வாங்கியது எலெக்ட்ரோலக்ஸ். தூசி உறிஞ்சும் கருவிகளுக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் பெயர்பெற்ற அதே ஸ்வீடன் நிறுவனம்தான். 1970களின் அந்தக் கடைசி ஆண்டுகளிலேயே கோத்தென்பர்க் நகரை ஒட்டிய ஜான்செரெட்டையும், அதே வட்டாரத்தில் பிறந்த பார்ட்னரையும், கனடாவின் பயோனியரையும் எலெக்ட்ரோலக்ஸ் வாங்கிச் சேர்த்தது. இந்த வரிசையில் ஹஸ்க்வர்னாவும் விற்கப்பட்ட சரக்கே, வாங்கியவர் வேறு. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் பிறந்த பூலான், 1986இல் எமர்சன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கையிலிருந்து எலெக்ட்ரோலக்ஸிடம் வந்து சேர்ந்தது. 2006இல் எலெக்ட்ரோலக்ஸ் தன் தோட்ட, வனத் தொழில் கருவிகளின் பிரிவு முழுவதையும் தனியே பிரித்துப் பங்குச் சந்தையில் விட்டபோது, அந்தப் புதிய நிறுவனத்துக்கு ஹஸ்க்வர்னா என்ற பெயர் சூட்டப்பட்டது. ஒரு பெரிய மீன் வயிற்றுக்குள் ஆறேழு மீன்கள் கிடந்து, பின்னர் அவை வெளியே வந்தபோது அவற்றுள் ஒன்றின் பெயரே எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராகிவிட்டது என்றால் பொருத்தமாக இருக்கும். தனித்து நின்ற பிறகு அது தானே வாங்கத் தொடங்கியதும் உண்மைதான். 2007இல் ஜப்பானின் கொமாட்சுவிடமிருந்து ஸெனோவா அவ்வாறு வந்தது. ஆனால் ஜான்செரெட்டையும் பார்ட்னரையும் பூலானையும் ஹஸ்க்வர்னா வாங்கியது என்று எழுதுவது, உடன்பிறந்தவரைப் பெற்றவர் என்று எழுதுவது போன்ற பிழை.

இதற்கிடையே ஹஸ்க்வர்னா என்ற பெயரே துண்டு துண்டாகப் பிரிந்தும் போயிருக்கிறது. மோட்டார் சைக்கிள் பிரிவு 1987இல் இத்தாலியின் கஜிவாவுக்கும், 2007இல் பி.எம்.டபிள்யூவுக்கும், 2013இல் கேடிஎம் தரப்புக்கும் கைமாறியது. தையல் இயந்திரங்கள் 'ஹஸ்க்வர்னா வைக்கிங்' என்ற பெயரில் சிங்கரின் குடும்பத்தில் போய்ச் சேர்ந்தன. ரம்பத்தின் மீதும், மோட்டார் சைக்கிளின் மீதும், தையல் இயந்திரத்தின் மீதும் ஒரே பெயர் இருந்தாலும் மூன்றுக்கும் உரியவர் வேறு வேறு. வேடிக்கை என்னவென்றால், ஹஸ்க்வர்னாவின் பரம வைரியான ஸ்டில் 1992இல் ஆஸ்திரியாவில் வாங்கிய புல்வெட்டி நிறுவனத்தின் பெயரும் வைக்கிங்தான். அதற்கும் இந்தத் தையல் இயந்திரத்துக்கும் எந்த உறவும் இல்லை.

ஒரு நிறுவனம் விற்கப்பட்டது என்று செய்தித்தாளில் ஒரு வரி வருகிறது. ஆனால் உண்மையில் கைமாறியது என்ன என்பதை அந்த வரி சொல்வதில்லை. ஆலையும் அதில் வேலை செய்தவர்களும் போயிருக்கலாம். வரைபடங்களும் வார்ப்பு அச்சுகளும் மட்டும் போயிருக்கலாம். கிடங்கில் கிடந்த உதிரி பாகங்கள் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். பல நேரங்களில் போவது பெயர் ஒன்றுதான். பயன்படுத்துபவருக்கு இவற்றுள் எது முக்கியம் என்று கேட்டால், உதிரி பாகம் என்றே நான் சொல்வேன். ஆனால் சந்தையில் அதிக விலை போவது பெயர்.

ஜான்செரெட்டின் கதையே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1830களில் ஸ்காட்லாந்துக்காரர் இருவர் தொடங்கிய நெசவாலையிலிருந்து வளர்ந்த அந்த நிறுவனம், 1954இல் முதல் சங்கிலி ரம்பத்தை வெளியிட்டது. எலெக்ட்ரோலக்ஸிடம் வந்த பிறகும் சில காலம் அதன் பழைய வடிவமைப்புகள் தொடர்ந்தன. பின்னர் படிப்படியாக இரு குடும்பங்களும் ஒன்றாயின. ஜான்செரெட் 2171 என்ற ரம்பத்தையும் ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி என்ற ரம்பத்தையும் கழற்றி மேசையில் பரப்பி வைத்தால், கிராங்க் உறையும் சிலிண்டரும் பிஸ்டனும் கிளட்சும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை என்பது கண்கூடாகத் தெரியும். ஒன்று சிவப்பு, மற்றொன்று ஆரஞ்சு. மேல்மூடியின் வடிவத்திலும் கைப்பிடியிலும் சிறுசிறு வேறுபாடுகள் இருக்கும். அவ்வளவுதான். சிவப்புதான் உறுதியானது, ஆரஞ்சுதான் வேகமானது என்று இரண்டு அணிகளாகப் பிரிந்து வாதிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் ஒரே உறையிலிருந்து பிஸ்டன் வளையம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இந்த வகை இணைப்பில் பயன்படுத்துபவருக்குக் கேடு ஒன்றுமில்லை. பெயர் மங்கினாலும் பாகம் கிடைக்கும். பார்ட்னரும் அப்படியே. மரம் அறுக்கும் ரம்பமாக அந்தப் பெயர் பின்தங்கிப் போனாலும், கான்கிரீட்டை அறுக்கும் வெட்டு இயந்திரங்களில் அதன் அறிவு பிழைத்து, இன்று ஹஸ்க்வர்னாவின் கட்டுமானக் கருவிகள் பிரிவாக வாழ்கிறது.

மக்கல்லக்கின் கதை இதற்கு நேர்மாறானது. ராபர்ட் மக்கல்லக் என்ற அமெரிக்கர் 1943இல் தொடங்கிய இந்த நிறுவனம், 1949இல் வெளியிட்ட 3-25 என்ற மாதிரியின் வழியாக, ஒருவரே தூக்கி அறுக்கக்கூடிய இலகுவான ரம்பத்தைப் பரவலாக்கியது. அதன் எடை 25 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11 கிலோ. 1926இல் ஸ்டில் செய்த முதல் மின்சார ரம்பத்தின் எடை 48 கிலோ. அதைப் பிடிக்க இருவர் வேண்டும். இந்த இரு எண்களையும் அருகருகே வைத்தால் மக்கல்லக்கின் பெயர் ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்பது விளங்கும். சிறு பந்தய வண்டிகளான கோ-கார்ட்டுகளுக்கும் அவர் இயந்திரம் செய்து கொடுத்தார். ரம்பத்தில் ஈட்டிய பணத்தைக் கொண்டு அரிசோனா பாலைவனத்தில் லேக் ஹவாசு சிட்டி என்ற நகரத்தையே உருவாக்கி, அங்கே தன் ஆலையையும் நிறுவி, 1968இல் லண்டன் பாலத்தை 24,60,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, அதன் கற்களைக் கழற்றி எண்ணிட்டுக் கப்பலில் கொண்டுவந்து, 1971இல் அந்நகரத்தில் திறந்து வைத்தவர் அவரே. ஒரு பாலத்தைக் கழற்றி, இடம் மாற்றி, பழைய பெயரோடு மறுபடியும் நிறுத்திக் காட்டியவரின் சொந்த நிறுவனத்துக்குப் பின்னாளில் அதே விதி நேர்ந்தது. கற்களுக்கு எண்ணிட்டதுபோல் அதன் பாகங்களுக்கு யாரும் எண்ணிட்டு வைக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

1970களின் முற்பாதியில் மக்கல்லக் நிறுவனம் பிளாக் அண்ட் டெக்கருக்கு விற்கப்பட்டது. அங்கே சுமார் பத்தாண்டுகள் இருந்தபின் மறுபடியும் கைமாறி, 1999இல் திவாலானது. ஐரோப்பியத் தொழிலை, அப்போது எலெக்ட்ரோலக்ஸின் கீழிருந்த ஹஸ்க்வர்னா எடுத்துக்கொண்டது. வட அமெரிக்காவில் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை தைவானின் ஜென் ஃபெங் நிறுவனத்துக்குப் போயிற்று. ஆகவே 2000களின் பெரும்பகுதியில், அட்லாண்டிக் கடலின் ஒரு கரையில் வாங்கிய மக்கல்லக்கும் மறுகரையில் வாங்கிய மக்கல்லக்கும் இரு வேறு நிறுவனங்களின் சரக்குகளாக இருந்தன. 2008இல் ஜென் ஃபெங்கின் அந்தத் தொழிலையும் ஹஸ்க்வர்னா வாங்கிய பிறகே பெயர் மறுபடியும் ஓரிடத்தில் சேர்ந்தது. அரிசோனாவின் பழைய மக்கல்லக்குக்கும் இன்று கடையில் தொங்கும் மக்கல்லக்குக்கும் ஒரு திருகாணி கூடப் பொதுவாக இராது. தங்கள் கட்டுரை இந்தப் பெயரை '1943 முதல் இடையறாத பாரம்பரியம்' என்று வருணித்திருந்தது. அந்தச் சொற்றொடரில் 1943 மட்டுமே சரி.

ஹோம்லைட்டின் பயணமும் ஏறத்தாழ இதே வழியில் சென்றது. மின்சாரம் எட்டாத வீடுகளுக்கு விளக்கெரிக்கச் சிறு மின்னாக்கி செய்யும் தொழிலாக 1921இல் அது தொடங்கியதால்தான் 'வீட்டு விளக்கு' என்று பொருள்படும் அந்தப் பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே அது ரம்பத்துக்குத் திரும்பியது. 1955இல் டெக்ஸ்ட்ரான் அதை வாங்கியது. 1994இல் டிராக்டர் நிறுவனமான ஜான் டியர் வாங்கியது. 2001இல் டெக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ் வாங்கியது. இடையில் ஒரு சிறு வியப்பு: ஹோம்லைட்டை வாங்குவதற்கு முன்பே ஜான் டியர் தன் பெயரில் ரம்பங்களை விற்றுவந்தது, பச்சையும் மஞ்சளும் பூசிய அந்த ரம்பங்களில் பல உண்மையில் ஜப்பானின் எக்கோ செய்து கொடுத்தவை. டிராக்டரோடு சேர்த்து 'ஒரே நிறுவனத்தின்' ரம்பத்தையும் வாங்கியதாகப் பெருமைப்பட்டவர்கள் உண்டு.

மற்ற மூன்று இணைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துரிங்கியா மலைப்பகுதியில் உள்ள டோல்மார் என்ற குன்றில் 1927இல் எமில் லெர்ப் தன் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்துப் பார்த்தார். குன்றின் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. ஹாம்பர்க்கில் நிலைபெற்ற அந்நிறுவனத்தை 1991இல் ஜப்பானின் மகிடா வாங்கியது. நெடுங்காலம் ஒரே இயந்திரம் சிவப்பு நிறத்தில் டோல்மார் என்றும் நீல நிறத்தில் மகிடா என்றும் விற்கப்பட்டது. பின்னர் டோல்மார் என்ற பெயரே ஒதுக்கப்பட்டது. மின்கலக் கருவிகளுக்கு முழுமையாகத் திரும்பிய மகிடா 2022இல் எரிபொருள் இயந்திர உற்பத்தியையே நிறுத்திக்கொண்டது. இத்தாலியில் ஓலியோ-மேக்கும் எஃப்கோவும் 1992இல் ஒன்றாகி ஈமாக் ஆயின; இரு பெயர்களும் இன்றும் இரு வண்ணங்களில் விற்கப்படுகின்றன. ஜப்பானில், எக்கோ என்ற பெயரில் உலகெங்கும் விற்றுவந்த கியோரிட்ஸும், ஹிரோஷிமாவின் ஷிண்டைவாவும் 2008இல் இணைந்து யமாபிகோ ஆயின. யமாபிகோ என்ற ஜப்பானியச் சொல்லுக்கு மலையில் கேட்கும் எதிரொலி என்று பொருள். எக்கோ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் பொருள் அதுவே. இணைப்பில் எந்தத் தரப்பின் கை ஓங்கியிருந்தது என்பதை அந்தப் பெயரிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

யாராலும் வாங்கப்படாமல் நின்றது ஸ்டில். ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய அந்நிறுவனம் இன்றும் அதே குடும்பத்தின் உடைமை. தங்கள் கட்டுரையாளர் இதைக் குடும்பத்தின் மன உறுதிக்குக் கிடைத்த வெற்றியாக எழுதியிருந்தார். மன உறுதி இருந்திருக்கலாம். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தன் ரம்பத்தில் ஓடும் சங்கிலியைத் தானே செய்த ரம்ப நிறுவனம் அது. 1974இல் சுவிட்சர்லாந்தின் வில் நகரில் சங்கிலிக்கென்றே ஓர் ஆலையைத் திறந்தது. பின்னாளில் ஸாமா என்ற கார்புரேட்டர் நிறுவனத்தையும் வாங்கிக்கொண்டது. அந்தக் கார்புரேட்டர்கள் பிற நிறுவனங்களின் ரம்பங்களிலும் பொருத்தப்படுகின்றன என்பதால், ஸ்டிலுக்குப் போட்டியாக விற்கப்படும் ஓர் இயந்திரத்திலும் ஸ்டிலுக்கு வருமானம் உண்டு. விற்கப்படாமல் நின்றவர்கள் ஒன்றையும் வாங்காமல் நின்றவர்கள் அல்லர்.

சங்கிலி என்றதும் கட்டுரையின் மிகப் பெரிய விடுபடல் நினைவுக்கு வருகிறது. ரம்ப நிறுவனங்களின் பட்டியலில் ஒரிகன் என்ற சங்கிலி நிறுவனம் இல்லை. அது ரம்பம் செய்வதற்காகப் பெயர்பெற்ற நிறுவனமன்று என்பதால் விட்டிருக்கலாம். ஆனால் மரத்தை அறுப்பது இயந்திரம் அன்று, சங்கிலி. மரம் வெட்டும் தொழிலாளியாக இருந்த ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்கர், ஒரு வண்டின் புழு மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துக் குடைந்து செல்வதைக் கூர்ந்து பார்த்து, அதன் தாடையைப் போலவே வளைந்த பற்கள் கொண்ட சங்கிலியை உருவாக்கி, 1947இல் போர்ட்லாந்து நகரில் ஒரிகன் நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவரை கை ரம்பத்தின் பற்களைப் போலக் கீறிக்கொண்டு சென்ற சங்கிலிகளை அது விரைவிலேயே ஓரங்கட்டியது. ஓமார்க் என்ற பெயரில் வளர்ந்த அந்நிறுவனத்தை 1985இல் பிளவுண்ட் வாங்கியது. 2008இல் பிளவுண்ட் தன் நேர்ப் போட்டியாளரான கார்ல்டன் சங்கிலி நிறுவனத்தையும் வாங்கியது. பிறகு நிறுவனத்தின் பெயரே ஒரிகன் டூல் என்று மாறியது. பல பத்தாண்டுகளாக, கடையில் எதிரெதிர் அலமாரிகளில் நின்ற ரம்பங்களின் உறையைத் திறந்தால் உள்ளே கிடந்தது இந்த ஒரே வீட்டின் சங்கிலியும், அது சுற்றி ஓடும் வழிகாட்டித் தகடும்தான். சில நேரங்களில் ரம்ப நிறுவனத்தின் பெயர் மட்டும் அதன்மேல் அச்சிடப்பட்டிருக்கும். ஹஸ்க்வர்னா தன் சொந்தச் சங்கிலியை ஸ்வீடனில் செய்யத் தொடங்கியது 2010களின் இறுதியில்தான். ரம்ப நிறுவனங்களின் இணைப்புகளைவிட, சங்கிலி நிறுவனங்களின் இந்த இணைப்பே அன்றாட வேலையை அதிகம் தொட்டது என்பது என் கருத்து. இயந்திரத்தை ஒருமுறை வாங்குகிறோம். சங்கிலியை அதன் ஆயுள் முழுவதும் வாங்கிக்கொண்டே இருக்கிறோம்.

இத்தனை நிறுவனங்கள் ஏன் கைமாறின என்பதற்கு மின்கல ரம்பங்களின் வருகையே காரணம் என்று கட்டுரை சொல்கிறது. காலக்கணக்கு இதற்கு இடம் கொடுக்கவில்லை. மேலே நான் சொன்ன கைமாற்றங்களில் பெரும்பாலானவை 1955க்கும் 2008க்கும் இடைப்பட்டவை. அந்த ஆண்டுகளில் மின்கல ரம்பம் ஒரு பொருட்டாகவே இல்லை. 1970களின் எண்ணெய் நெருக்கடியில் வட அமெரிக்காவில் விறகடுப்புகள் திரும்பி வந்ததால் வீட்டுக்கு ஒரு ரம்பம் என்ற அளவுக்கு விற்பனை பெருகியது. அந்தப் பத்தாண்டில்தான் பிளாக் அண்ட் டெக்கர், எமர்சன், எலெக்ட்ரோலக்ஸ் போன்ற, காட்டோடு தொடர்பில்லாத பெரு நிறுவனங்கள் இத்துறைக்குள் வந்தன. 1980களில் எண்ணெய் விலை இறங்கியதும் சந்தை சுருங்கியது. வந்தவர்களில் பலர் விற்றுவிட்டு வெளியேறினர். அடுத்து வந்தவை பின்னுதைப்பை, அதாவது ரம்பம் திடீரெனப் பிடித்திருப்பவரை நோக்கி எகிறுவதை, தடுக்கும் பாதுகாப்பு விதிகளும், 1990களில் கலிபோர்னியாவில் தொடங்கி அமெரிக்கா முழுவதும் பரவிய புகை வெளியேற்ற விதிகளும். எரியாத எரிபொருளையும் சேர்த்து வெளியே தள்ளுவது இந்த ரம்பங்களில் உள்ள ஈரடிச் சுழற்சி (டூ-ஸ்ட்ரோக்) இயந்திரத்தின் இயல்பு. அதைத் திருத்தப் புதிய சிலிண்டர் வடிவமைப்பு வேண்டும். அதற்குப் புதிய அச்சுகளும் சோதனைக் கூடமும் வேண்டும். ஆண்டுக்குச் சில மாதிரிகளை மட்டும் செய்யும் நடுத்தர நிறுவனத்தால் அந்தச் செலவைத் தாங்க முடியாது; ஒரே சிலிண்டரை மூன்று வண்ணங்களில் விற்கக்கூடிய குழுமத்தால் முடியும். யமாபிகோவும் ஈமாக்கும் இன்றைய ஹஸ்க்வர்னாவும் உருவான சூழல் இதுவே. மின்கலம் இப்போது நடத்திக்கொண்டிருப்பது அடுத்த சுற்று. 2024ஆம் மாதிரி ஆண்டிலிருந்து புதிய சிறு எரிபொருள் இயந்திரங்களின் விற்பனைக்குக் கலிபோர்னியா கடிவாளம் போட்டிருப்பதும், 2010இல் ஸ்டான்லியோடு இணைந்த பிளாக் அண்ட் டெக்கர், 2021இல் எம்டிடி நிறுவனம் முழுவதையும் வாங்கித் தோட்டக் கருவித் துறைக்குள் பெருமளவில் திரும்பி வந்திருப்பதும் அந்தச் சுற்றில் சேரும். மக்கல்லக்கை ஒருகாலத்தில் வைத்திருந்து விற்ற அதே பெயர்தான் இது.

இவற்றையெல்லாம் ஒரு பொது வாசகர் ஏன் அறிய வேண்டும் என்று தாங்கள் கேட்கலாம். பழைய பெருமைமிக்க பெயர் ஒன்றைத் தாங்கிய ரம்பத்தை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். அதே பெயருள்ள ரம்பத்தை அவருடைய தந்தை இருபது ஆண்டுகள் பயன்படுத்தியிருந்ததால், வேறு எதையும் விசாரிக்காமல் அதை வாங்கியிருந்தார். எண்ணெய்ப் பம்பின் சிறிய பற்சக்கரம் ஒன்று தேய்ந்திருந்தது. பெயருக்கு உரிய நிறுவனத்திடம் கேட்டால் அந்த மாதிரி தங்கள் முந்தைய உரிமதாரர் விற்றது என்றார்கள். உரிமதாரரோ தொழிலையே மூடியிருந்தார். தந்தையின் பழைய ரம்பத்துக்கு அந்தப் பாகம் இன்னமும் கிடைத்தது. மகனின் புதிய ரம்பத்துக்குக் கிடைக்கவில்லை. தவறு செய்தவர் என்று யாரையும் சுட்ட முடியாத ஒரு நிலை அது. பெயர் ஒரு வழியிலும் பொறுப்பு வேறு வழியிலும் போயிருந்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இயந்திர விதிகள், செய்தவரின் பெயரும் முழு முகவரியும், மாதிரியும், வரிசை எண்ணும், செய்த ஆண்டும் இயந்திரத்தின் மீதே பொறிக்கப்பட வேண்டும் என்கின்றன. நல்ல விதிதான். ஆனால் பிறர் செய்ததைத் தன் பெயரில் விற்பவரும் அந்த விதியின் கண்ணில் 'செய்தவர்' ஆகிவிடுகிறார். ஆகவே தகட்டைப் படிப்பதோடு நின்றுவிடாமல், வாங்குவதற்கு முன் அந்த மாதிரியின் உதிரி பாக வரைபடத்தைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. பிஸ்டன், கார்புரேட்டர், எண்ணெய்ப் பம்பு ஆகிய மூன்றின் பாக எண்கள் வேறொரு பெயருள்ள ரம்பத்தின் எண்களோடு ஒத்துப்போனால் அச்சம் வேண்டாம். அவை நிலையான ஒரு குழுமத்தின் பொதுப் பாகங்கள், நெடுநாள் கிடைக்கும். வரைபடமே இல்லை, முழு இயந்திரமாகத்தான் மாற்றித் தருவோம் என்று கடைக்காரர் சொன்னால், பெட்டியின்மேல் எந்த ஆண்டு அச்சிடப்பட்டிருந்தாலும் அதை நம்பி வாங்க வேண்டியதில்லை.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. அந்தப் பட்டியலை, பெயர், இன்றைய உரிமையாளர், அந்த உரிமை வந்த ஆண்டு என்ற மூன்று பத்திகளோடு திருத்தி மறுபடியும் வெளியிட வேண்டும். மேலும், இனி இத்தகைய கருவிகளைப் பற்றி எழுதும்போது நிறுவனம் தொடங்கிய ஆண்டைத் தருகிற இடத்திலேயே அது கடைசியாகக் கைமாறிய ஆண்டையும் தரும்படி கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ரியோபியைப் போல உரிமத்தின்பேரில் வழங்கும் பெயர்களுக்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறியிட்டால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சங்கிலி ரம்பம் பழுதுபார்ப்பவன்